டச்பேடை யாரும் வாங்கவில்லை, பிறகு எல்லோரும் வாங்கினார்கள்: டேப்லெட் சந்தையில் ‘தேவை’ என்றால் என்ன?

2011 ஜூலை 1 அன்று எச்பி நிறுவனம் டச்பேட் என்ற டேப்லெட்டை அமெரிக்கக் கடைகளில் இறக்கியது. 16 ஜிபி மாடல் 499 டாலர், 32 ஜிபி மாடல் 599 டாலர். பெட்டிகள் அடுக்கியது அடுக்கியபடியே கிடந்தன. ஆகஸ்டில் 100 டாலர் குறைத்துப் பார்த்தார்கள், பெரிதாக அசையவில்லை. கடைக்கு வந்த 49-ஆம் நாள், ஆகஸ்ட் 18 அன்று, இந்தத் தொழிலே வேண்டாம் என்று எச்பி கைகழுவியது. அந்த வார இறுதியில் மிச்சமிருந்த சரக்கை 99 டாலருக்கும் 149 டாலருக்கும் தள்ளிவிட்டார்கள். வந்த கூட்டத்தில் சில நாட்களுக்குள் கையிருப்பு காலி. நிறுத்திவிட்டதாக அறிவித்த பொருளையே இன்னும் ஒரு தவணை தயாரித்துத் தருகிறோம் என்று அந்த மாத இறுதியில் எச்பி சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த ஏழு வாரத்தில் கருவியில் ஒரு திருகுகூட மாறவில்லை. ஆக, டச்பேடுக்குத் தேவை இருந்ததா, இல்லையா? “இல்லவே இல்லை” என்று ஜூலையில் சொன்னாலும், “அமோகத் தேவை” என்று ஆகஸ்டில் சொன்னாலும் வாக்கியம் பாதியில்தான் நிற்கிறது. இரண்டிலும் ஓர் எண் விடுபட்டிருக்கிறது.

2010 முதல் 2012 வரையிலான டேப்லெட் சந்தையைப் பற்றிப் பேச்செடுத்தால் “எல்லாம் ஆப்பிள் மோகம்”, “மற்றவர்கள் விலையைக் குறைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்” என்ற இரண்டும் தவறாமல் காதில் விழும். தேவை, போட்டி ஆகிய சொற்களைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால், இரண்டும் ஏன் போதாத விளக்கங்கள் என்பது தெரியும்.

தக்காளிக்கு எவ்வளவு தேவை?

இந்தக் கேள்விக்கு எந்த இல்லத்தரசியும் உடனே பதில் சொல்ல மாட்டார். “கிலோ என்ன விலை?” என்றுதான் திருப்பிக் கேட்பார். 20 ரூபாய் என்றால் மூன்று கிலோ வாங்கித் தொக்கு போடலாம். 60 ரூபாய் என்றால் ஒரு கிலோ. 120 ரூபாய் என்றால் கால் கிலோவோடு நிறுத்திக்கொண்டு, ரசத்துக்குப் புளியைக் கூடக் கொஞ்சம் கரைத்துக்கொள்வார்.

பொருளியலில் தேவை என்பது இந்த முழுப் பட்டியல்தான்: எந்த விலைக்கு எத்தனை பேர் எவ்வளவு வாங்கத் தயார் என்ற பட்டியல். ஆசை மட்டும் இருந்தால் அது தேவையாகாது. கையில் காசும் அதை இதற்குக் கொடுக்கும் மனமும் சேர வேண்டும். இலங்கைப் பாடநூல்களில் இதன் பெயர் ‘கேள்வி’. அதுவே இன்னும் பொருத்தமான சொல் என்று தோன்றுகிறது. வாங்க வருபவர் கடைக்காரரிடம் “இந்த விலைக்குக் கிடைக்குமா?” என்று கேட்பதுதானே விஷயம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு பொருளுக்கு ஓர் உச்ச விலை உண்டு. அதைத் தாண்டினால் வாங்க மாட்டார். டச்பேடுக்கு 499 டாலரைத் தாண்டிய உச்ச விலை வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். சமையலறையில் சாய்த்து வைத்துச் செய்தி படிக்க, பிள்ளைகள் படம் பார்க்க, 150 டாலர்வரை கொடுக்கலாம் என்று நினைத்தவர்கள் ஏராளம். ஜூலையிலும் அவர்கள் அதே ஊரில்தான் இருந்தார்கள். விலை அவர்கள் கைக்கு எட்டும் இடத்துக்கு இறங்கியதும் வெளியே தெரிந்தார்கள்.

அப்படியானால் முதலிலேயே 149 டாலருக்கு விற்றிருக்கலாமே? ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் கருவிகளைப் பிரித்துப் போட்டுப் பாகங்களின் விலையைக் கணக்கிடும். அதன் கணக்கில் 32 ஜிபி டச்பேடின் பாகங்கள் மட்டுமே சுமார் 318 டாலர். 149-க்கு விற்றால் ஒவ்வொன்றுக்கும் 169 டாலர் கைநட்டம். கடைக்காரர் கமிஷன், விளம்பரம், போக்குவரத்து எல்லாம் அதற்கு மேல். அடிமாட்டு விலையில் திரண்ட கூட்டத்தை அப்படியே சந்தைத் தேவையாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. மறுவிற்பனைக்காக வாங்கியவர்களும் ‘99 டாலருக்கு எது கிடைத்தாலும் லாபம்’ என்று வந்தவர்களும் அதில் கலந்திருந்தார்கள்.

இதுவரை: தேவை என்றால் விலையோடு சேர்த்துச் சொல்லப்படும் அளவு. விற்பவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதுதான் வியாபாரக் கேள்வி. டச்பேடுக்கு அந்த விலையில் ஆளில்லை. ஐபேடுக்கு இருந்தது. ஏன்?

2002-இல் தோற்ற டேப்லெட்

டேப்லெட் ஆப்பிளின் கண்டுபிடிப்பு என்பது பரவலான தவறு. மைக்ரோசாஃப்ட் 2002 நவம்பரிலேயே விண்டோஸ் எக்ஸ்பியின் தனிப் பதிப்போடு ‘டேப்லெட் பிசி’யைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, லாஸ் வேகஸில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வகை இதுவாகத்தான் இருக்கும் என்று பில் கேட்ஸ் கணித்திருந்தார். நடக்கவில்லை.

ஆசை இல்லாமலில்லை. திரையில் எழுதும் கணினி யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் விலை 2,000 டாலரை ஒட்டி இருந்தது. உள்ளே இருந்த விண்டோஸ், மவுஸ் அம்புக்குறிக்காக வரையப்பட்ட சின்னச் சின்னப் பொத்தான்கள் கொண்டது. அவற்றைத் தொடத் தனிப் பேனா வேண்டும். எடையும் சூடும் மடிக்கணினியுடையவை. அதே கடையில் பக்கத்து மேசையில் அதைவிடக் குறைந்த விலைக்குச் சாதாரண மடிக்கணினி இருந்தது.

இங்கே ஒரு கலைச்சொல் வேண்டும். ஒன்று இல்லையென்றால் இன்னொன்று என்று நாம் மாற்றிக்கொள்ளும் பொருள்களுக்குப் பதிலீட்டுப் பண்டங்கள் என்று பெயர். காபிப்பொடி விலை ஏறினால் டீக்கு மாறுவது போல. 2002 டேப்லெட்டுக்குப் பதிலீடு மடிக்கணினி; அதே வேலையைக் குறைந்த காசில் செய்தது. பதிலீடு மலிவாகவும் நன்றாகவும் இருந்தால் புதுப் பொருளுக்குத் தேவை எழாது.

2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகம் செய்தபோது மேடைத் திரையில் முதலில் 999 டாலர் என்று போட்டார். பத்திரிகைகளில் அடிபட்டிருந்த வதந்தி விலை அது. பிறகு அந்த எண்ணை நொறுக்கிக்கொண்டு 499 வந்து விழுந்தது. நாடகம்தான், ஆனால் தேவைப் பட்டியலில் 999 என்ற வரிசைக்கும் 499 என்ற வரிசைக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று யோசித்துப் போட்ட நாடகம். 9.7 அங்குலத் திரை, 680 கிராம் எடை, பத்து மணி நேர பேட்டரி. கேமரா கிடையாது, யுஎஸ்பி துளை கிடையாது. “பெரிய சைஸ் ஐபாட் டச்” (தொலைபேசி வசதி இல்லாத ஐஃபோன் போன்ற ஆப்பிள் கருவி) என்று கேலி செய்தவர்கள் பலர்.

அந்தக் கேலியில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது.

அடுப்பும் சிலிண்டரும்

எரிவாயு அடுப்பை இலவசமாகக் கொடுத்தாலும் ஊரில் சிலிண்டர் கிடைக்காவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். ஒன்றோடு ஒன்று சேர்ந்தால்தான் பயன் தரும் பொருள்கள் நிரப்புப் பண்டங்கள். டேப்லெட்டின் சிலிண்டர் செயலிகள்.

பெரிய ஐபாட் டச்சாக இருந்ததால்தான் ஐபேடில் முதல் நாளே ஐஃபோனுக்காக எழுதப்பட்ட ஏறத்தாழ 1,40,000 செயலிகள் ஓடின. பெரிய திரையில் அவை அழகாக இல்லை என்பது உண்மை. ஆனால் சிலிண்டர் தயாராக இருந்தது. ஓராண்டுக்குப் பிறகு, 2011 மார்ச் 2 அன்று ஐபேட் 2 அறிமுக மேடையில் ஜாப்ஸ், ஐபேடுக்கென்றே எழுதிய செயலிகள் 65,000 என்றார். எதிரே ஆண்ட்ராய்டின் டேப்லெட் பதிப்பான ஹனிகூம்புக்கு 100 என்று காட்டினார். போட்டியாளரைக் குத்தும் மேடைக் கணக்குதான். இருந்தாலும் இடைவெளி மெய்யானது.

போட்டியாளர்கள் ஏன் அதை நிரப்பவில்லை? வாரச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்க ஆள் வருவார்கள் என்றால்தான் வியாபாரி கடை விரிப்பார். கடைகள் இருக்கும் என்றால்தான் ஆள் வருவார்கள். புதிதாகச் சந்தை கூட்ட நினைப்பவர் இரு தரப்பையும் ஒரே நாளில் வரவைக்க வேண்டும். இப்படி இரு தரப்பு வாடிக்கையாளர்கள் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து நிற்கும் அமைப்புக்கு இருபக்கச் சந்தை என்று பெயர். ஐஃபோன் என்ற பழைய சந்தையின் கூட்டத்தை ஆப்பிள் அப்படியே பக்கத்துத் திடலுக்கு நகர்த்தியது. 2010-இல் பாம் நிறுவனத்தை 120 கோடி டாலருக்கு வாங்கிய எச்பியின் கையில் வெப்ஓஎஸ் என்ற நல்ல இயங்குதளம் இருந்தது. பல செயலிகளைச் சீட்டுக்கட்டு போலத் தள்ளித் தள்ளி மாற்றும் அதன் முறையை இன்று எல்லாக் கைபேசிகளிலும் பார்க்கலாம். ஆனால் டச்பேட் வெளியானபோது அதற்கென்று எழுதிய செயலிகள் சுமார் 300.

சாம்சங்கின் கதை இன்னும் விசித்திரம். 2010 செப்டம்பரில் பெர்லினில் அறிமுகமான 7 அங்குல கேலக்ஸி டேப், ஆண்ட்ராய்டு 2.2-இல் ஓடியது. அந்தப் பதிப்பு டேப்லெட்டுக்கு ஏற்றபடி செய்யப்பட்டதல்ல என்று கூகுள் தரப்பிலிருந்தே அந்த மாதம் சொல்லிவிட்டார்கள். சிலிண்டர் கம்பெனியே “அந்த அடுப்புக்கு எங்கள் குழாய் சரியாகப் பொருந்தாது” என்று சொன்னால் அடுப்பு எப்படி விற்கும்?

பிளாக்பெர்ரியின் பிளேபுக் இதில் தனி ரகம். 2011 ஏப்ரல் 19 அன்று 499 டாலருக்கு வந்தது. மின்னஞ்சலுக்குப் பேர்போன நிறுவனத்தின் டேப்லெட்டில் மின்னஞ்சல் செயலியே இல்லை. நாட்காட்டியும் முகவரிப் பட்டியலும் இல்லை. பிளாக்பெர்ரி கைபேசி வைத்திருந்தால் அதனோடு இணைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதாவது, ஏற்கெனவே தன் வாடிக்கையாளராக இருந்தவருக்கு மட்டுமே அந்தக் கருவி முழுமையானது. குறை 2012 பிப்ரவரியில் நீங்கியது. அதற்குள் விலை 199 டாலருக்கு இறங்கியிருந்தது.

இதுவரை: வாங்குபவர் 499 டாலரைக் கண்ணாடிப் பலகைக்குக் கொடுக்கவில்லை. பலகை, அதில் ஓடும் செயலிகள், அவை நாளையும் பெருகும் என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்த பொட்டலத்துக்குக் கொடுத்தார். அதே 499-ஐ வெறும் பலகைக்குக் கேட்டவர்களிடம் கூட்டம் போகவில்லை.

அப்படியானால் விலையைக் குறைப்பதுதானே?

பொட்டலத்தில் ஒன்று குறைந்தால் விலையிலும் குறைய வேண்டும். எல்லா மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த நியாயம். மோட்டோரோலாவின் ஸூம் 2011 பிப்ரவரி 24 அன்று 799 டாலருக்கு வந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸூமில் 32 ஜிபியும் 3ஜியும் இருந்தன. அதே வசதிகள் கொண்ட ஐபேட் 729 டாலர். வித்தியாசம் 70 டாலர்தான். ஆனால் ஐபேட் வாங்க வருபவருக்கு ஏணி 499-இல் தொடங்கியது. ஸூமின் ஏணிக்குக் கீழ்ப்படிகளே இல்லை. வைஃபை மட்டும் உள்ள மாடல் ஒரு மாதம் கழித்து 599-க்கு வந்தது. அறிமுக நாளில் ஸூமின் மெமரி கார்டு துளை வேலை செய்யவில்லை. வாக்களித்த 4ஜி வசதிக்குக் கருவியையே நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆறே நாளில் ஐபேட் 2 அறிமுகம், அதே 499.

தொலைபேசி நிறுவனங்களின் ஒப்பந்த விலை இன்னொரு பொறி. வெரைசானிடம் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டால் ஸூம் 599 டாலர் என்றார்கள். குறைந்தபட்ச டேட்டா திட்டம் மாதம் 20 டாலர், 24 மாதத்துக்கு 480. மொத்தம் 1,079. ஐபேடின் 3ஜி மாடலுக்கு அமெரிக்காவில் ஒப்பந்தமே கிடையாது. வேண்டிய மாதம் கட்டலாம், வேண்டாத மாதம் விட்டுவிடலாம். விலைப் பட்டியலை ஒப்பிடும்போது இந்தக் கூட்டலைச் செய்யாமல் “599-தானே” என்று எழுதியவர்கள் அன்று நிறைய.

சரி, ஏன் குறைக்க முடியவில்லை? அடக்கவிலை. ஐசப்ளை கணக்கில் 16 ஜிபி ஐபேடைச் செய்ய ஆப்பிளுக்கு ஆன செலவு சுமார் 260 டாலர். அதில் தொடுதிரைத் தொகுதி மட்டுமே 95. ஆப்பிள் கோடிக்கணக்கில் திரைகளும் நினைவகச் சில்லுகளும் வாங்கியது. பாகங்களை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள 390 கோடி டாலர் ஒதுக்கியிருப்பதாக 2011 ஜனவரியில் சொன்னது. சில்லு வடிவமைப்பு சொந்தம், இயங்குதளம் சொந்தம், 300-க்கும் மேற்பட்ட கடைகள் சொந்தம். பிறர் கடையில் விற்கும் நிறுவனம் அந்தக் கடைக்காரருக்கு ஒரு பங்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஐபேடைவிட 100 டாலர் குறைத்து விற்றால் போட்டியாளருக்கு மிஞ்சுவது கையளவு. ஆப்பிள் பொருள் என்றாலே போட்டியாளரைவிட விலை கூடுதல் என்று பழகியிருந்த உலகத்துக்கு, மலிவான இடத்திலும் ஆப்பிளே உட்கார்ந்திருந்தது புதிது.

‘அனுப்பினோம்’ வேறு, ‘விற்றோம்’ வேறு

இந்தச் சந்தையைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் இந்த ஓர் இடத்தில்தான் பிறந்தன.

ஒரு குளிர்பானக் கம்பெனி பெட்டிக்கடைகளுக்குச் சரக்கு இறக்குகிறது. லாரியிலிருந்து இறங்கியவுடன் கம்பெனிக் கணக்கில் அது விற்பனை. கடைக்காரர் கையிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது நடப்பது இன்னொரு விற்பனை. முதலாவதை அனுப்பிய அளவு என்பார்கள்; இரண்டாவது விற்றுத் தீர்ந்த அளவு. பழைய சரக்காக இருந்தால் இரண்டும் ஏறக்குறையச் சமமாக ஓடும். புதுச் சரக்கில் அப்படி இராது. 10,000 கடைக்கு ஆளுக்கு 20 பெட்டி கொடுத்தாலே, ஒரு வாடிக்கையாளர்கூட வராமல், 2 லட்சம் ‘விற்றுவிடும்’.

இப்போது உண்மைக் கணக்கு. 2010-இன் கடைசிக் காலாண்டில் கேலக்ஸி டேப் 20 லட்சம் என்றது சாம்சங். ஸ்ட்ராட்டஜி அனலிடிக்ஸ் நிறுவனம் அந்த அளவுகளை வைத்துக் கூட்டியது: உலகம் முழுக்க 97 லட்சம் டேப்லெட், அதில் ஆண்ட்ராய்டு 21 லட்சம், சுமார் 22 சதவீதம், ஐபேட் 73.3 லட்சம், சுமார் 75 சதவீதம். முந்தைய காலாண்டில் ஐபேடின் பங்கு 95 சதவீதம். “ஒரே காலாண்டில் ஆப்பிளின் கோட்டை சரிந்தது” என்று தலைப்புகள் வந்தன.

ஆனால் 20 லட்சம் என்பது கடைகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் அனுப்பிய அளவு என்று சாம்சங்கே 2011 ஜனவரி இறுதியில் முதலீட்டாளர் அழைப்பில் விளக்கியது. மக்கள் கைக்குப் போனது “மிகக் குறைவு” என்று நிர்வாகி சொன்னதாக முதலில் செய்தி வந்தது. பிறகு ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு, அவர் சொன்னது “சீராக இருக்கிறது” என்று திருத்தினார்கள். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று போலக் கேட்கும். ஒரு சந்தையின் தலைவிதியே ஒரு சொல்லின் உச்சரிப்பில் தொங்கிய தருணம். பின்னர் 2012-இல் ஆப்பிள்–சாம்சங் காப்புரிமை வழக்கில் இரு தரப்பும் நீதிமன்றத்தில் கணக்கைத் திறந்தபோது, அமெரிக்காவில் 2012 நடுப்பகுதிவரை விற்ற கேலக்ஸி டேப்கள் சுமார் 14 லட்சம், ஐபேட்கள் சுமார் 3 கோடியே 40 லட்சம் என்று தெரிந்தது.

அனுப்பியது தேங்கினால் என்ன ஆகும்? மூன்று அறிகுறிகளைப் பார்க்கலாம். அடுத்த காலாண்டில் அனுப்பும் அளவு விழும்: பிளேபுக் முதல் காலாண்டில் 5 லட்சம், அடுத்தது 2 லட்சம், அதற்கடுத்தது ஒன்றரை லட்சம். பிறகு விலை சரியும். கடைசியில் கணக்குப் புத்தகத்தில் நட்டம் எழுதப்படும். பிளாக்பெர்ரியின் ரிம் நிறுவனம் 2011 டிசம்பரில் பிளேபுக் கையிருப்புக்காக 48.5 கோடி டாலரை நட்டமாக எழுதியது. டச்பேட் விஷயத்தில் பெஸ்ட் பை கடைகளுக்குப் போன 2,70,000-இல் 25,000கூட விற்கவில்லை என்று செய்தி வெளியானது, எச்பி கைகழுவுவதற்கு ஓரிரு நாள்தான் முன்பு.

சந்தைப் பங்கு என்று எந்த எண்ணைப் படித்தாலும் ‘அனுப்பியதா, விற்றதா?’ என்று ஒரு தடவை கேளுங்கள். அறிக்கையின் அடிக்குறிப்பில் பதில் இருக்கும்.

பிரிண்டர் மலிவு, மை விலை

ஐபேடோடு நேருக்கு நேர் மோதியவர்கள் விழுந்தபோது, அமேசான் வேறு வாசல் வழியாக வந்தது. 2011 செப்டம்பர் 28 அன்று அறிவித்து நவம்பரில் விற்ற கிண்டில் ஃபயர் 199 டாலர். 7 அங்குலத் திரை, 8 ஜிபி. கேமரா, மைக், 3ஜி எதுவும் இல்லை. அப்படிக் கழித்தும் ஐசப்ளை கணக்கில் அடக்கம் 201.70 டாலர். விற்கும் ஒவ்வொன்றுக்கும் 2.70 டாலர் கைவிட்டுப் போகிறது.

போகட்டும் என்று விட்டதற்குக் காரணம், வீட்டில் பிரிண்டர் வாங்கியவர்களுக்குத் தெரியும். பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு மைக்குப்பியில் காசு பார்ப்பார்கள். அமேசானின் மை: மின்னூல், திரைப்படம், பாட்டு, அதற்கும் மேலாகக் கடைச் சாமான். முன்பு பார்த்த சிலிண்டரும் இதுவும் ஒரே நிரப்புப் பண்டம்தான். ஆப்பிள் பலகையில் லாபம் பார்த்து, செயலிகளை அதன் கவர்ச்சியாக வைத்தது. அமேசான் பலகையைக் கடை வாசலாக்கிக்கொண்டு, உள்ளே விற்பதில் லாபம் தேடியது. எச்பிக்கோ மோட்டோரோலாவுக்கோ விற்க மை இல்லை. “அமேசானால் 199-க்குக் கொடுக்க முடிந்ததே, இவர்களுக்கு என்ன?” என்ற கேள்விக்குப் பதில் அதுதான்.

கிண்டில் ஃபயர் ஐபேடின் வாடிக்கையாளர்களைப் பிடுங்கியதா? அதே பண்டிகைக் காலாண்டில் ஐபேட் 1 கோடியே 54 லட்சம் விற்றது. ஓராண்டுக்கு முந்தைய 73.3 லட்சத்தின் இரு மடங்குக்கும் மேல். 199 டாலரில் நின்ற கூட்டமும் 499 டாலரில் நின்ற கூட்டமும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள் என்றுதான் இதை வாசிக்க முடிகிறது.

விலை குறைவு மட்டும் போதுமென்றால் இந்தியாவின் ஆகாஷ் உலகை வென்றிருக்க வேண்டும். மாணவர்களுக்காக டேட்டாவிண்ட் நிறுவனம் செய்து, 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட அந்த 7 அங்குலக் கருவியை அரசு வாங்கிய விலை 2,276 ரூபாய். 366 மெகாஹெர்ட்ஸ் மையச் சில்லு, 256 எம்பி நினைவகம், அழுத்தினால்தான் உணரும் பழைய வகைத் தொடுதிரை. வருடினால் நகராது, நகத்தால் குத்த வேண்டும். அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் வேகத்தையும் திரையையும் மாற்றினார்கள். ஆகாஷில் காசு கொடுத்தவர் ஒருவர், கையில் பிடிப்பவர் இன்னொருவர். மாணவர் எந்த விலைக்கு இதை வாங்கியிருப்பார் என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. அரசு கொடுத்த ஆணையைத் தேவை என்று எண்ணிவிட்டார்கள்.

7 அங்குலச் சண்டை

2010 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் 7 அங்குல டேப்லெட்களை ‘பிறக்கும்போதே செத்தவை’ என்றார். விரலைத் தேய்த்துச் சிறிதாக்கிக்கொள்ள உப்புத்தாளும் கூடவே தர வேண்டும் என்றும் சொன்னார். 7-க்கும் 9.7-க்கும் மூன்று அங்குலத்துக்குள்தானே வித்தியாசம் என்று தோன்றும். அங்குலம் என்று சொல்வது மூலைக்கு மூலை அளவு. கண் பார்ப்பது பரப்பளவு. ஐபேட் திரை ஏறத்தாழ 45 சதுர அங்குலம். நீளவாக்கிலான கேலக்ஸி டேப் திரை 21-ஐ ஒட்டி. பாதிகூட இல்லை.

ஆனால் கிண்டில் ஃபயரும், 2012 ஜூன் 27 அன்று கூகுளும் ஏசுஸும் 199 டாலருக்கே கொண்டுவந்த நெக்ஸஸ் 7-உம், ஒரு கையில் பிடித்துப் படுக்கையில் படிக்கும் ஆட்களுக்கு அந்தப் பாதியே போதும் என்று காட்டின. 2012 அக்டோபர் 23 அன்று ஆப்பிளே 329 டாலருக்கு ஐபேட் மினியை அறிவித்தது. ஜாப்ஸின் வாதத்தைக் கைவிட்டது போலவும் தெரியக் கூடாதல்லவா? திரை 7.9 அங்குலம், பழைய நான்குக்கு மூன்று வடிவம். பரப்பு ஏறக்குறைய 30 சதுர அங்குலம். 7 அங்குலக் கருவிகளைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரியது.

அப்போது போட்டி இருந்ததா?

கடையில் எத்தனை பிராண்டு அடுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணுவது போட்டியை அளக்கும் வழியல்ல. வாங்க வந்தவர் ‘இது வேண்டாம்’ என்றால் வேறு எங்கே போகலாம் என்று பார்க்க வேண்டும். 2010-இல் ஐபேட் வேண்டாம் என்றவர் கேலக்ஸி டேபுக்குப் போனது அபூர்வம். 300, 400 டாலர் நெட்புக் என்ற சின்ன மலிவு மடிக்கணினிக்குப் போனார். அல்லது எதுவும் வாங்காமல் வீட்டுக்குப் போனார். எதுவும் வாங்காமல் போவதுதான் அன்று ஐபேடின் மிகப் பெரிய போட்டி. டேப்லெட் யாருக்கும் அத்தியாவசியம் இல்லை. வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

போட்டி உறைக்கத் தொடங்கியதை விலைப் பலகையில் பார்க்கலாம். 2011 வரை நுழைவு விலை 499. 2012 மார்ச்சில் புது ஐபேட் வந்தபோது, ஐபேட் 2-ஐ நிறுத்தாமல் 399-க்குத் தொடர்ந்தார்கள். அக்டோபரில் 329. கிண்டில் ஃபயர் வந்த ஓராண்டுக்குள் ஏணியின் அடிப்படி 170 டாலர் இறங்கிவிட்டது.

டச்பேட் வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்? செயலிகளும் வராது, புதுப்பிப்பும் வராது என்று தெரிந்தே 99 டாலர் கொடுத்தவர்கள் அவர்கள். 2011 அக்டோபரில் சயனோஜென்மாட் என்ற தன்னார்வலர் குழு ஆண்ட்ராய்டை டச்பேடில் ஓடவைக்கும் முதல் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. யுஎஸ்பி கம்பியில் கணினியோடு இணைத்து, கட்டளை வரி ஒன்றைத் தட்டி, மறுதொடக்கம் செய்தால், வெப்ஓஎஸ் பக்கத்திலேயே ஆண்ட்ராய்டும் எழுந்து வந்தது. கேமரா வேலை செய்யவில்லை. ஆண்ட்ராய்டுச் செயலிகள் ஓடின.